1787-ஆம் ஆண்டும் நினைக்கத்தக்கதே

அமெரிக்க வரலாறு கற்போர் 1776-ஆம் ஆண்டினையே பெரிதும் போற்றுவர். மக்கள் யாவரும் சமமெனப் பறைசாற்றிய விடுதலைச் சாசனம் போற்றத்தக்கதே. ஆயின் 1787-ஆம் ஆண்டினையும் அதனோடு ஒருங்கு வைத்துக் கற்பித்தல் வேண்டும் என்பது எம் துணிபு. அவ்வாண்டு பிலடெல்பியா நகரில் கூடி அரசியலமைப்பை வகுத்த அவையோர், பிரதிநிதிகளின் தொகையைக் கணிக்குங்கால் அடிமைகள் ஐவரை மூவராக எண்ணுக என விதித்தனர். ஐவரையும் ஐவராகவே எண்ண வேண்டுமென வாதாடியோர் யாவர்? அடிமைகளை மிகுதியும் உடைய தென்மாநிலத்தாரே! அடிமைகட்கோ வாக்குரிமை இல்லை. அவர்தம் தலைகளால் பெருகிய இடங்கள் ஆண்டைகளின் வலியையே வளர்த்தன. கடவுளின் சாயலாய்ப் படைக்கப்பட்டானைப் பின்னமாக்கிய அம்மேலோர், 'அடிமை' என்னும் சொல்லை மட்டும் ஓரிடத்தும் எழுதாது விடுத்தனர். நாணம் போலும்! 'அடிமைத்தனம்' என்னும் சொல் அவ்வரசியலமைப்பினுள் முதன்முதல் ஏறியது 1865-இல், அதனை ஒழித்த பதின்மூன்றாம் திருத்தத்தின்கண்.