சுகர் மாத்திரை வீடு தேடி வருது... அது மட்டும் போதுமா?

இந்தியாவில் 10.1 கோடி பேருக்கு சர்க்கரை நோய் இருப்பதாக 2023-ல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வு கூறியது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. ஆனா, மீதி வேலை நம்ம கையில்தான்.

டெஸ்டுக்கு முந்தின நாள் மட்டும் வாயைக் கட்டினால் வெறும் வயிற்று சுகர் குறைவாகக் காட்டலாம். ஹெச்பிஏ1சி பரிசோதனையோ கடந்த 2-3 மாத சராசரியைச் சொல்லிவிடும்.

அடுத்து, கால். நரம்பு பாதித்தால் முள் குத்தினாலும் வலிக்காது. புண் முற்றி விரலை எடுக்கும் நிலை வரை போகலாம். தினமும் பாதத்தையும் விரல் இடுக்கையும் பாருங்க. குனிய முடியலையா? கண்ணாடியை கீழே வச்சுப் பாருங்க.

சுகர் நார்மல் ஆயிடுச்சுன்னு மாத்திரையை நீங்களா நிறுத்தாதீங்க. அந்த நார்மலே மாத்திரையால் வந்ததாக இருக்கலாம்.