ஆஸ்திரேலியக் கால்பந்து வீரர்கள் அந்நிய மண்ணில் தடுமாறுவது ஏன்?

2025 ஜூன் மாதம் ஜெட்டா நகரில் சவூதி அரேபியாவை 2-1 என்ற கோல் கணக்கில் தோற்கடித்து, 2026 உலகக் கோப்பைப் போட்டியில் ஆடும் தகுதியை ஆஸ்திரேலியா பெற்றது. தொடர்ந்து ஆறாவது முறையாக அந்நாட்டுக்கு இந்தத் தகுதி கிட்டியிருக்கிறது. மூன்று கோடிக்கும் குறைவான ஜனத்தொகை கொண்ட, கால்பந்தை முதல் விளையாட்டாகக் கருதாத ஒரு நாட்டுக்கு இது சாமானியமான சாதனையல்ல.

ஆனால் இதே நாட்டைச் சேர்ந்த ஆட்டக்காரர்கள் ஐரோப்பாவின் பெரிய கிளப்களில் இடம் பிடிக்க முடியாமல் திண்டாடுகிறார்கள். 2006ல் ஜெர்மனியில் நடந்த உலகக் கோப்பைப் போட்டிக்குச் சென்ற ஆஸ்திரேலிய அணியில், இங்கிலாந்தின் முதல் தர லீக்கான பிரிமியர் லீகில் ஆடியவர்கள் ஏழு பேருக்குக் குறையாமல் இருந்தனர். லிவர்பூலில் ஹாரி கியூவல், எவர்ட்டனில் டிம் கேஹில், மிடில்ஸ்பரோவில் மார்க் விடுகாவும் கோல்கீப்பர் மார்க் ஷ்வார்சரும், பிளாக்பர்னில் லூகஸ் நீலும் பிரெட் எமர்ட்டனும் ஆடி வந்தனர். இத்தாலியின் பார்மா கிளப்பில் பிரெஷியானோவும் கிரெல்லாவும் இருந்தனர். பதினாறு ஆண்டுகள் கழித்து, 2022ல் கத்தாருக்குப் போன அணியில் பிரிமியர் லீக் ஆட்டக்காரர் ஒருவர்கூட இல்லை.

வேடிக்கை என்னவென்றால், இரு அணிகளும் ஒரே கட்டம் வரைதான் முன்னேறின. 2006ல் இரண்டாவது சுற்றில் இத்தாலியிடம் கடைசி நிமிடப் பெனால்டியில் தோற்றது ஆஸ்திரேலியா. 2022ல் அதே சுற்றில், பின்னர் கோப்பையை வென்ற ஆர்ஜெண்டினாவிடம் 1-2 என்ற கணக்கில் தோற்றது. ஆகவே ஆட்டத்திறன் அடியோடு வற்றிவிட்டது என்று சொல்வதற்கில்லை. திறமை இருந்தும் தனி ஆட்டக்காரர்கள் வெளிநாட்டில் நிலைக்க முடியாமற் போவதற்கு வேறு காரணங்கள் உண்டு.

முன்பு இருந்த பாதை

ஆஸ்திரேலியர்கள் ஐரோப்பாவில் ஆடுவது புதிதல்ல. ஜோ மார்ஸ்டன் 1954லேயே பிரஸ்டன் கிளப்புக்காக இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பை இறுதிப் பந்தயத்தில் ஆடினார். ஆஸ்திரேலியாவில் வளர்ந்த கிரெய்க் ஜான்ஸ்டன், 1986ல் அதே கோப்பையின் இறுதிப் பந்தயத்தில் லிவர்பூலுக்காகக் கோல் போட்டார். 1990களில் சென்றவர்கள்தாம் பெருங்கூட்டமாக வெற்றி கண்டனர்.

அவர்களில் பலர் உருவான இடங்கள் இரண்டு. ஒன்று, கான்பெராவில் 1981ல் தொடங்கப்பட்ட ஆஸ்திரேலிய விளையாட்டுப் பயிற்சி நிலையம். 1976 மாண்ட்ரீல் ஒலிம்பிக்கில் ஒரு தங்கப் பதக்கம்கூடக் கிடைக்காத அவமானத்தின் விளைவாக அரசு நிறுவியது அது. விடுகா, எமர்ட்டன், நீல் ஆகியோர் அங்கே தங்கிப் பயின்றவர்கள். மற்றொன்று, ஐரோப்பாவிலிருந்து குடியேறியவர்கள் தங்கள் சமூகத்துக்காக ஆரம்பித்த கிளப்கள். குரோஷியர்களின் மெல்போர்ன் நைட்ஸ் விடுகாவைத் தந்தது. இத்தாலியர்களின் மார்க்கோனி ஷ்வார்சரைத் தந்தது. கிரேக்கர்களின் சிட்னி ஒலிம்பிக் எமர்ட்டனைத் தந்தது. இக்கிளப்களில் பதினேழு வயதுப் பையன்கள் முப்பது வயது ஆண்களுடன் மோதி விளையாடினார்கள். ஐரோப்பாவுக்குக் கப்பலேறும் முன்பே அவர்கள் அடிபட்டுத் தேறியிருந்தார்கள்.

இன்று அந்த இரு வாயில்களும் பழையபடி இல்லை. குடியேறியவர்களின் கிளப்கள் ஆடிய தேசிய லீக் 2004ல் முடிவடைந்தது. பணத் தட்டுப்பாடும், சமூகங்களுக்கிடையே மூண்ட கைகலப்புகளும் அதன் பெயரைக் கெடுத்திருந்தன. 2005ல் வந்த ஏ-லீக், நகரங்களின் பெயரில் புதிய கிளப்களைக் கொண்டு அமைக்கப்பட்டது. நிர்வாகமும் மைதானங்களும் மேம்பட்டன என்பதை மறுக்க முடியாது. ஆனால் தென் மெல்போர்ன், மார்க்கோனி போன்ற கிளப்கள் மாநில லீக்குகளுக்குத் தள்ளப்பட்டன. மேல் லீகுக்கு உயரும் வழியோ, கீழே இறங்கும் பயமோ இல்லாத ஏற்பாடு அது. கான்பெரா நிலையத்தின் கால்பந்துப் பிரிவும் 2017ல் மூடப்பட்டது.

வயதும் பாஸ்போர்ட்டும்

சர்வதேசக் கால்பந்துச் சம்மேளனமான ஃபிஃபா, 2001ல் ஒரு விதியைக் கொண்டுவந்தது. பதினெட்டு வயது நிரம்பாத ஆட்டக்காரரை ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டுக் கிளப் எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது அதன் சாரம். ஏழை நாட்டுப் பிள்ளைகளை ஏமாற்றி அழைத்துச் சென்று நடுத்தெருவில் விடும் தரகர்களைத் தடுப்பதே நோக்கம். அந்த நோக்கம் நியாயமானது. ஆயினும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பதினாறு வயதிலேயே கிளப் மாற விலக்கு உண்டு. போர்ச்சுகல் பையன் பதினாறில் ஜெர்மனிக்குப் போகலாம். சிட்னிப் பையன் பதினெட்டு வரை காத்திருக்க வேண்டும்.

கியூவலின் கதையைப் பார்த்தால் இந்த வித்தியாசம் எவ்வளவு பெரிது என்பது விளங்கும். 1995ல் கியூவலும் எமர்ட்டனும் சிறுவர்களாக லீட்ஸ் கிளப்பின் சோதனைக்குச் சென்றார்கள். இருவரையும் கிளப்புக்குப் பிடித்துவிட்டது. தகப்பனார் இங்கிலாந்தில் பிறந்தவர் என்பதால் கியூவல் தங்கிவிட முடிந்தது. எமர்ட்டன் ஊர் திரும்ப நேர்ந்தது. கியூவல் அடுத்த ஆண்டே, பதினேழு வயதில், லீட்ஸின் முதல் அணியில் ஆடினார். எமர்ட்டன் 2000ல் ஹாலந்தின் ஃபெயனூர்டு கிளப்புக்குப் போய், அங்கிருந்து 2003ல்தான் இங்கிலாந்து வந்து சேர்ந்தார்.

பாட்டன், பாட்டி நாட்டுப் பாஸ்போர்ட்டே அந்தத் தலைமுறைக்குப் பெரிய சொத்தாக இருந்தது. ஐரோப்பியர்களுக்குள் கட்டுப்பாட்டை நீக்கிய 1995ஆம் ஆண்டின் போஸ்மன் தீர்ப்புக்குப் பிறகு அதன் மதிப்பு இன்னும் கூடியது. இப்போது நிலைமை மாறிவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் விலகியதால், 2021 முதல் இத்தாலிய, குரோஷியப் பாஸ்போர்ட்டுகள் இங்கிலாந்தில் செல்லுபடியாவதில்லை. நாட்டின் தர வரிசை, ஆடிய லீகின் தரம் முதலியவற்றுக்குப் புள்ளிகள் போட்டு அனுமதி தருகிறார்கள். மேலும் ஆஸ்திரேலியாவின் புதிய நட்சத்திரங்கள் பலர் ஐரோப்பிய வம்சாவளியினர் அல்லர். டேனியல் அர்சானி ஈரானில் பிறந்தவர். கராங் குவோலின் பெற்றோர் தென் சூடானியர். நெஸ்டரி இரங்குண்டாவின் குடும்பம் புருண்டியிலிருந்து அகதியாக வந்தது. இவர்களுக்கு ஐரோப்பாவில் உரிமை கொண்டாடப் பாட்டன் வீடு எதுவும் இல்லை.

ஜப்பான் சொல்லும் பாடம்

தூரமும் வயது விதியும் மட்டுமே காரணம் என்றால் ஜப்பானியரும் தடுமாற வேண்டும். அவர்களும் தூரத்தில் இருப்பவர்கள்தாம். அவர்களுக்கும் பதினெட்டு வயது விதி உண்டு. பாஷை வேறு பெரிய இடைஞ்சல். இருந்தும் ஐரோப்பாவின் முதல் தர லீக்குகளில் ஜப்பானியர்கள் நிறைந்திருக்கிறார்கள்.

பதினெட்டு வயதுக்கு முன் அவர்கள் உள்நாட்டில் என்ன செய்கிறார்கள் என்பதில்தான் வித்தியாசம். 1993ல் பிறந்த ஜே-லீக் இன்று மூன்று பிரிவுகளும் அறுபது கிளப்களும் கொண்டது. உயர்வும் இறக்கமும் உண்டு. அதற்கும் கீழே உயர்நிலைப் பள்ளிகளும் பல்கலைக்கழகங்களும் கடும் போட்டிகள் நடத்துகின்றன. ஐரோப்பாவில் முதற்படியாக ஒரு கிளப்பையே ஜப்பானியர் ஏற்பாடு செய்துகொண்டனர்: பெல்ஜியத்தின் சிண்ட் டிரய்டன் கிளப் 2017ல் ஒரு ஜப்பானிய நிறுவனத்தின் கைக்கு வந்தது. எண்டோ, தொமியாசு, கமாடா ஆகியோர் அந்தப் படியில் கால் வைத்து மேலேறியவர்களே.

ஆஸ்திரேலியாவிலோ, ஏ-லீக் கிளப் ஒன்று ஒரு பருவத்தில் ஆடும் லீக் பந்தயங்கள் 26 அல்லது 27. இங்கிலாந்தின் இரண்டாம் பிரிவில் ஒரு கிளப் 46 பந்தயங்கள் ஆடுகிறது. இளைஞர்களுக்கென நடந்த தேசிய லீகும் 2020க்குப் பிறகு நின்றுபோயிற்று. முதல் அணியில் இடம் கிடைக்காத பதினெட்டு வயது வாலிபன், தரமான ஆட்டமின்றி மாதக்கணக்கில் காத்துக் கிடக்கிறான்.

இதற்குப் பின்னணியில் பணப் பிரச்னையும் இருக்கிறது. ஆஸ்திரேலிய ரூல்ஸ் ஃபுட்பால் என்னும் அந்நாட்டின் சொந்த விளையாட்டு, 2025 முதல் ஏழு ஆண்டு ஒளிபரப்பு உரிமையை 450 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு விற்றது. 2021ல் ஏ-லீகுக்குக் கிடைத்த ஐந்தாண்டு ஒப்பந்தத்தின் மதிப்பு சுமார் 20 கோடி டாலர் எனக் கூறப்பட்டது. ரக்பியும் கிரிக்கெட்டும் வேறு திடகாத்திரமான பிள்ளைகளைத் தங்கள் பக்கம் இழுத்துக்கொள்கின்றன. கையில் காசில்லாத கிளப், நல்ல பையன் ஒருவன் தலையெடுத்ததும் அவனை விற்றுவிடவே பார்க்கும்.

தாவியவர்களும் ஏறியவர்களும்

அவசரம் புகுவது இங்கேதான். 2018 உலகக் கோப்பையில் கலந்துகொண்ட எல்லோரிலும் வயதில் இளையவர் அர்சானி. சில வாரங்களில் மான்செஸ்டர் சிட்டி அவரை வாங்கியது. ஆடுவதற்கு அல்ல, ஸ்காட்லாந்தின் செல்டிக் கிளப்புக்கு இரவல் கொடுப்பதற்கு. அங்கே முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் பலத்த காயம். பிறகு ஹாலந்து, டென்மார்க், பெல்ஜியம் என்று இரவலில் சுற்றிவிட்டு 2022ல் தாய்நாடு திரும்பினார். கத்தாரில் ஆர்ஜெண்டினாவுக்கு எதிராகப் பதினெட்டு வயதில் களமிறங்கிய குவோல், நியூகாசில் கிளப்பில் சேர்ந்தும் பிரிமியர் லீகில் ஒரு நிமிடம்கூட அதற்காக ஆடவில்லை. அவரும் இரவலில் போனார். 2024ல் ஜெர்மனியின் பேயர்ன் மியூனிக் கிளப்புக்குச் சென்ற இரங்குண்டாவும் முதல் அணியில் இடம்பெற முடியாமல், அடுத்த ஆண்டே இங்கிலாந்தின் இரண்டாம் பிரிவிலுள்ள வாட்ஃபோர்டுக்கு மாறினார்.

மறுபுறம், படிப்படியாக ஏறியவர்களைக் கவனிக்கலாம். மைல் ஜெடினாக் துருக்கியில் ஆடிவிட்டு, 2011ல் இங்கிலாந்தின் இரண்டாம் பிரிவில் இருந்த கிரிஸ்டல் பேலஸில் சேர்ந்து, தலைவராக அதை 2013ல் பிரிமியர் லீகுக்கு அழைத்துச் சென்றார். கோல்கீப்பர் மேத்யூ ரயன் பெல்ஜியம், ஸ்பெயின் வழியாக பிரைட்டனை அடைந்தார். ஆரன் மூய் இளம் வயதில் பிரிட்டனில் முயன்று நிலைக்காமல் ஊர் திரும்பி, ஏ-லீகில் தேறி, இரண்டாம் முறை போய் வென்றவர். 2017ல் ஹட்டர்ஸ்ஃபீல்டு பிரிமியர் லீகுக்கு உயர அவரது ஆட்டம் பெருந்துணை. ஜோர்டன் போஸ் 2023ல் பெல்ஜியத்தின் சிறிய கிளப்பான வெஸ்டர்லோவில் தொடங்கி 2025ல் ஃபெயனூர்டை எட்டினார். இவர்கள் யாவரும் பெயரைப் பார்க்காமல், வாராவாரம் ஆட்டம் கிடைக்கும் கிளப்பைப் பார்த்துச் சேர்ந்தவர்கள்.

ஐரோப்பாவில் நிலைத்த பின்பும் ஒரு சங்கடம் உண்டு. நாட்டுக்காக ஆடச் சிட்னிக்கு வர சுமார் 17,000 கிலோமீட்டர் பறக்க வேண்டும். தூக்கம் கெட்டு, களைத்துத் திரும்பும்போது கிளப்பில் தன் இடத்தில் வேறொருவர் ஆடிக்கொண்டிருப்பார். பாரிஸிலிருந்து லண்டன் வரும் பிரெஞ்சுக்காரருக்கு இந்தக் கஷ்டம் இல்லை.

பெண்கள் வென்றது எப்படி?

ஆஸ்திரேலியரின் உடலிலோ மனத்திலோ குறை தேடுவோருக்கு அந்நாட்டுப் பெண்களே பதில். இங்கிலாந்தின் செல்ஸீ கிளப்புக்காக ஆடிய சாம் கெர், 2020-21, 2021-22 ஆகிய இரு பருவங்களிலும் அந்நாட்டு மகளிர் லீகில் அதிக கோல் போட்டவர். அவருடைய தகப்பனார் கல்கத்தாவில் பிறந்தவர் என்பது இந்திய ரசிகர்களுக்குச் சுவையான செய்தி. ஆர்சனல் 2025ல் ஐரோப்பிய மகளிர் கோப்பையை வென்றபோது ஸ்டெஃப் கேட்லியும் கெய்ட்லின் ஃபோர்டும் அதில் இருந்தனர். கெர் பதினைந்து வயதிலேயே பெர்த் நகர அணியில் பெரியவர்களோடு ஆடியவர். ஐரோப்பாவில் மகளிர் கால்பந்து தாமதமாக வளர்ந்ததால் ஆஸ்திரேலியப் பெண்கள் பின்தங்கி ஓட வேண்டியிருக்கவில்லை. ஆட்டம் கிடைத்தது, பெண்கள் தேறினார்கள்.

நம் நாட்டுக்கும் இதில் பாடம் இருக்கிறது. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நெவில் டிசோசா மூன்று கோல் போட, ஆஸ்திரேலியாவை 4-2 என்று வென்றது இந்தியா. 2011 ஆசியக் கோப்பையில் அதே ஆஸ்திரேலியா 4-0 என்று இந்தியாவை வீழ்த்தியது. 2009ல் லண்டனின் குவீன்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் கிளப் சுனில் சேத்ரியை விரும்பியும், இந்தியாவின் தர வரிசை போதாது என்று பிரிட்டனில் வேலை அனுமதி மறுக்கப்பட்டது. ஏ-லீகில் கோல் மழை பொழிந்த ஜேமி மெக்லாரன் 2024ல் மோகன் பகானில் சேர்ந்ததை ரசிகர்கள் கொண்டாடினார்கள். இருபது வயதில் எட்ட வேண்டிய பெரிய லீக்குகளின் கதவு திறக்காதபோது, முப்பது வயதில் நல்ல ஊதியம் தேடிப் போவது குற்றமல்ல.

ஆஸ்திரேலியாவில் மாற்றத்தின் அறிகுறிகள் தென்படுகின்றன. 2025ல் அதன் இருபது வயதுக்குட்பட்டோர் அணி ஆசியக் கோப்பையை முதன்முறையாக வென்றது. அதே ஆண்டில், ஏ-லீகுக்கு அடுத்த நிலையில் ஒரு தேசியப் போட்டி தொடங்கப்பட்டு, தென் மெல்போர்ன், மார்க்கோனி போன்ற பழைய கிளப்கள் மீண்டும் நாடளாவிய அரங்கில் ஏறின. அங்கிருந்து ஏ-லீகுக்கு உயரும் வழியும் ஒரு நாள் திறக்குமானால் காரியம் பாதி முடிந்தது. மீதிப் பாதி பெற்றோர், தரகர், கிளப் அதிகாரிகள் கையில் இருக்கிறது. புகழ்பெற்ற கிளப்பின் சட்டையைக் காட்டி அழைப்பவரிடம், வருடத்துக்கு எத்தனை ஆட்டம் தருவீர்கள் என்று அவர்கள் கேட்க வேண்டும். உலகக் கோப்பையில் அடிக்கும் கோல்களைவிட, சிட்னியிலும் மெல்போர்னிலும் ஒரு பதினாறு வயதுப் பையன் ஓராண்டில் எத்தனை நல்ல பந்தயங்கள் ஆடுகிறான் என்பதே ஆஸ்திரேலியக் கால்பந்தின் நாளைய நிலையை நிர்ணயிக்கும்.