நீர் மாத்திரையை நிறுத்தலாமா?

ரத்தக் கொதிப்பு சத்தம் போடாத நோய். பெரும்பாலும் வலி இராது; மயக்கம் இராது. ஒரு நாள் திடீரென்று கை கால் விழுந்துவிடும். அப்போதுதான் வீட்டார் அலறுவார்கள்.

அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டையே இந்த நோய் விடவில்லை. 1945 ஏப்ரல் 12-ந் தேதி மூளையில் ரத்தம் கசிந்து அவர் இறந்தார். உலகப் போரை நடத்தியவருக்குக் கொடுக்க, நல்ல மருந்து அன்று இல்லை!

1958-ல் நிலைமை மாறியது. கார்ல் பேயர் முதலிய அமெரிக்க விஞ்ஞானிகள் கண்டுபிடித்த 'குளோரோதயசைடு' மாத்திரை விற்பனைக்கு வந்தது. அந்த வகையைச் சேர்ந்தவைதான் இன்று டாக்டர்கள் எழுதித் தரும் 'ஹைட்ரோகுளோரோதயசைடு', 'குளோர்தாலிடோன்' முதலியவை. மக்கள் வைத்த பெயர், நீர் மாத்திரை.

அது என்ன செய்கிறது? நாம் உண்ணும் உப்பைச் சிறுநீரகம் வடிகட்டி, பெரும் பகுதியைத் திரும்பவும் ரத்தத்தில் சேர்க்கிறது. உப்பு இருக்கும் இடத்தில் தண்ணீரும் தங்கும். குழாயில் தண்ணீர் மிகுந்தால் அழுத்தம் ஏறாதா? நீர் மாத்திரை அந்த உப்பில் ஒரு பங்கைச் சிறுநீரோடு வெளியே அனுப்புகிறது. சில வாரங்களில் ரத்தக் குழாய்களும் தளர்கின்றன. கொதிப்பு அடங்குகிறது.

விலை குறைந்த மருந்து என்று இளப்பம் வேண்டாம். 33,000 பேருக்கு மேல் கலந்துகொண்ட பெரிய ஆராய்ச்சியின் முடிவு 2002-ல் வெளியாயிற்று. விலை உயர்ந்த புதிய மருந்துகளுக்கு இது சளைத்ததல்ல என்று தெரிந்தது.

ஆனால் ஓர் எச்சரிக்கை. அம்பத்தூர்ப் பட்டறையில் உலை அருகே நின்று வியர்வை சிந்தும் தொழிலாளிக்கு, உடம்பில் உப்புச் சத்து அளவுக்கு மீறிக் குறையலாம். கால் இழுக்கும், தலை சுற்றும். உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும். ரத்தப் பரிசோதனை செய்து அளவை மாற்றுவார். சர்க்கரை நோய் உள்ளவர்களும் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. காலையில் சாப்பிட்டால் இரவுத் தூக்கம் கெடாது. இரவு ஷிப்டுக்காரர்கள் நேரத்தைக் கேட்டுக்கொள்ளவேண்டும்.

"உடம்பு சரியாகிவிட்டது" என்று தாமாகவே நிறுத்துகிறவர்கள்தான் ஏராளம். நிறுத்தினால் கொதிப்பு திரும்பி வரும்!

ஒரு நாள் கூலியை இழந்து ஆஸ்பத்திரியில் காத்திருக்க ஏழையால் முடியுமா? 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. அது நல்ல காரியம். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லியில் உள்ள ஒவ்வொரு சிறு பட்டறையிலும் மாதம் ஒரு முறை கொதிப்பை அளக்க முதலாளிகள் முன்வரவேண்டும்.

செலவு சிறிது. காப்பாற்றப்படுவதோ ஒரு குடும்பம்!