கணினிக்குக் கூத்துக் கற்பிப்பவர் யார்?

வன்னியில் இருந்துகொண்டு கணினி வழி இசையமைப்பைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் சிரிக்கக்கூடும். அதைப் பேச வேண்டிய இடமே வன்னிதான் என்பது என் கருத்து.

விதிகளைக் கொடுத்துக் கணினியை இசையமைக்கச் செய்யும் முயற்சி புதியதன்று. 1957ஆம் ஆண்டில் அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்தில் ஹில்லர், ஐசக்சன் என்ற இருவர், நால்வர் வாசிக்கும் நரம்பிசைப் படைப்பொன்றைக் கணினியைக் கொண்டு ஆக்கினர். ஐரோப்பிய இசையின் பழைய இலக்கணத்தையும் அதற்கு விதியாகக் கொடுத்தனர். அன்று அதற்குப் பெரும் இயந்திரம் வேண்டியிருந்தது. இன்று ஒரு பழைய மடிக்கணினி போதும். சீசவுண்ட், சூப்பர்கொலைடர், சோனிக் பை ஆகிய மென்பொருள்கள் விலையின்றிக் கிடைக்கின்றன. அவற்றின் மூலநிரலை யாரும் படிக்கலாம், திருத்தலாம்.

இசையைக் கணக்கிட்டு வகுப்பது நமக்கும் அந்நியமன்று. 17ஆம் நூற்றாண்டில் வேங்கடமகி வகுத்த 72 மேளங்களும் ஆறு, ஆறு, இரண்டு என்ற பெருக்கத்தில் பிறந்தவை. சில வரி நிரலில் அவை அடங்கிவிடும். ஆனால் மோகனத்தின் ஐந்து சுரங்களை மட்டும் கணினியிடம் கொடுத்துப் பாருங்கள். சுரங்கள் ஒலிக்கும், மோகனம் ஒலிக்காது. சுரத்தை அசைக்கும் கமகம் அதற்குத் தெரியாது. பியானோவின் 12 சம பாகங்களே அதற்கு இயல்பான அளவுகோல். திறந்த மூலத்தின் பயன் இங்கேதான் இருக்கிறது. அந்த அளவுகோலை நாமே மாற்றலாம். சோனிக் பையில் 60 என்பதற்குப் பதிலாக 60.5 என்று எழுதினாலே பியானோவில் இல்லாத சுரம் பிறந்துவிடும்.

கருநாடக இசைக்காவது நூல்கள் உண்டு. முல்லைத்தீவின் கோவலன் கூத்துக்கு, அதன் முல்லைமோடிக்கு, இலக்கணம் எங்கே இருக்கிறது? பெரும்பகுதி அண்ணாவியாரின் நினைவில் இருக்கிறது. வரவுத் தருவை எங்கே நீட்டுவது, தாளக்கட்டை எங்கே விரைவுபடுத்துவது என்பதை அவர் கையே அறியும். 2009இல் வீட்டைக் காக்க முடியாமல் ஓடிய மக்கள் கூத்துக் கொப்பியையா காத்திருப்பர்?

ஒலிப்பதிவு செய்தால் போதாதா என்று கேட்பீர்கள். அது முதற்படி, கட்டாயம் வேண்டும். ஆனால் பதிவு ஓர் இரவின் ஆட்டத்தையே காக்கும். எதை மாற்றலாம், எதை மாற்றலாகாது என்பதை அது சொல்லாது. கேட்டதை விதியாக எழுதி, கணினியை இசைக்கச் செய்து, அண்ணாவியாரிடமே கேட்பிக்க வேண்டும். அவர் "பிழை" என்று கையசைக்கும் இடத்தில்தான் எழுதப்படாத விதி வெளிப்படும்.

இயந்திரம் அவருடைய இடத்தைப் பிடித்துவிடாதா என்ற அச்சம் எனக்கும் உண்டு. ஆகவே அவருடைய இசைவில்லாமல் எதையும் வெளியிடலாகாது. நிரலின் முதல் வரியில் அவர் பெயர் இருக்க வேண்டும்.

கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது. வவுனியாவில் 2021 முதல் தனிப் பல்கலைக்கழகமே இருக்கிறது. இறுதியாண்டு ஆய்வுக்குத் தலைப்புத் தேடும் மாணவர்களே, முல்லைத்தீவுக்குப் பேருந்து ஏறுங்கள். மென்பொருள் அடுத்த ஆண்டும் இருக்கும். அண்ணாவியாரின் முதுமை உங்களுக்காகக் காத்திராது.