பட்டம் இங்கே, பதிவு எங்கே?

போடிநாயக்கனூரில் ஏலக்காயை ஏலம் விடுவதற்கு முன் அதன் பருமன் மில்லிமீட்டர் கணக்கில் பார்க்கப்படுகிறது. நறுமணப் பொருள்கள் வாரியத்தின் மின்னணு ஏல மையத்தில் கைமாறிக் கடல் கடக்கும் சரக்குடன், வாங்கும் நாடு கேட்கும் சான்றுகளும் செல்கின்றன. பூச்சிக்கொல்லி எச்சம் எந்த அளவுவரை ஏற்கப்படும் என்பதை ஏற்றுமதியாளர் முன்னதாகவே விசாரித்து வைத்திருப்பார். விசாரிக்காதவருக்கு, சரக்கு துறைமுகத்திலிருந்து திரும்பி வரும்போது தெரியவரும்.

அதே ஏலத்தை எந்த நோய்க்கு, எந்த அனுபானத்தோடு கொடுப்பது என்று கற்பதற்காக இலங்கையிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் தமிழகத்துக்கு வரும் மாணவர்கள் இவ்வளவு விசாரித்துவிட்டு வருவதாகத் தெரியவில்லை. கல்லூரியின் கையேட்டைப் பார்க்கிறார்கள், கட்டணத்தைக் கேட்கிறார்கள், விசாவுக்கு விண்ணப்பிக்கிறார்கள். படித்து முடித்து ஊர் திரும்பியபின் மருத்துவராகப் பதிவுசெய்ய அந்த நாட்டுச் சட்டம் இடம் தருமா என்ற கேள்வி கடைசியில்தான் வருகிறது. அது முதலில் கேட்கப்பட வேண்டிய கேள்வி.

வருபவர் எந்தக் கதவைத் தட்டுகிறார் என்பதிலேயே குழப்பம் தொடங்கிவிடுகிறது. வெளிநாடுகளில் சித்த மருத்துவம் என்றவுடன் நினைவுக்கு வருவது, 2005-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட தாம்பரம் தேசிய சித்த மருத்துவ நிறுவனம். ஆனால், அங்கு பட்ட மேற்படிப்பும் முனைவர் ஆய்வும் மட்டுமே உண்டு. பள்ளிப் படிப்பை முடித்த மாணவர் சேர வேண்டிய பி.எஸ்.எம்.எஸ். படிப்பு, பாளையங்கோட்டை, சென்னை அரும்பாக்கம் ஆகிய இடங்களில் உள்ள அரசுக் கல்லூரிகளிலும் தனியார் கல்லூரிகளிலும்தான் நடத்தப்படுகிறது. வகுப்பு நான்கரை ஆண்டு, பயிற்சி மருத்துவம் ஓராண்டு என மொத்தம் ஐந்தரை ஆண்டுகள்.

விசாவிலும் இதேபோன்ற குழப்பம் உண்டு. 2023-இல் இந்தியா அறிமுகப்படுத்திய ஆயுஷ் விசாவைப் பெயரைக் கொண்டு படிப்புக்கானது என்று எண்ணுவோர் உளர். அது சிகிச்சை பெற வருவோருக்கானது. படிக்க வருபவருக்கு மாணவர் விசா வேண்டும். 180 நாள்களுக்கு மேற்பட்ட விசா எனில், வந்து சேர்ந்த 14 நாள்களுக்குள் வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். இடையில் கல்லூரி மாற விரும்பினால் முன் அனுமதி தேவை. பள்ளிச் சான்றிதழுக்கு இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் வழங்கும் இணைத்தன்மைச் சான்று கேட்கப்படும். இவற்றுக்கெல்லாம் மாதங்கள் ஆகும் என்பதைக் கணக்கில் கொள்ளாமல் விமானச் சீட்டு எடுப்பது விவேகமல்ல.

மொழியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பத்தாம் வகுப்பிலோ மேல்நிலையிலோ தமிழைப் பாடமாகப் படிக்காதவர், பி.எஸ்.எம்.எஸ். முதல் தொழில்முறைப் படிப்பின்போது தமிழைத் தனிப் பாடமாகப் பயில வேண்டும் என்று விதி இருக்கிறது. இது சரியான விதி. சித்த மருத்துவ மூலநூல்கள் பாடல்களாகவும் பரிபாஷையாகவும் இருக்கும்போது வேறு வழியில்லை. ஆனால், நூல் தமிழ் தெரிந்தவர்கூடப் புறநோயாளிப் பிரிவில் தடுமாறுவார். யாழ்ப்பாணத்தில் 'வருத்தம்' என்றால் நோய். போடியில் அது மனத்தாங்கல். இங்குள்ள முதியவர் 'மேலுக்கு முடியலை' என்று சொன்னால், அவர் மேல்மாடியைப் பற்றிப் பேசவில்லை என்று யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும். நாடி பார்ப்பதற்கு முன் நோயாளி சொல்வது புரிய வேண்டுமல்லவா? பயிற்சி ஆண்டில் இது வேடிக்கையான செய்தியாக இருக்காது.

இனி, பதிவு. இலங்கையில் 1961-ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டம் சித்தம், யுனானி, தேசிய மருத்துவம் ஆகியவற்றையும் 'ஆயுர்வேதம்' என்ற சொல்லுக்குள் அடக்கிவிட்டது. பதிவு செய்யும் அதிகாரம் அங்குள்ள ஆயுர்வேத மருத்துவ மன்றத்துக்கு உரியது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் திருகோணமலை வளாகத்திலும் சித்த மருத்துவப் பட்டப்படிப்பு இருப்பதால், அங்கு பட்டம் முடித்து மேற்படிப்புக்காகத் தாம்பரம் வருபவரின் கால் ஏற்கெனவே தரையில் ஊன்றியிருக்கிறது. பதிவு கையில் இருக்க, மேற்படிப்பு அதன்மேல் ஏறும். இளநிலையையே இங்கு தொடங்குபவரின் நிலை வேறு. தாம் சேரும் கல்லூரியை அந்த மன்றம் ஏற்கிறதா என்று எழுத்தில் கேட்டுப் பெற வேண்டியவர் அவர்தான்.

மலேசியாவில் 2016-ஆம் ஆண்டின் பாரம்பரிய, துணை மருத்துவச் சட்டம் நிலைமையை மாற்றிவிட்டது. அதற்கு முன்பு பரம்பரை வைத்தியர், பயிற்சி பெற்றவர், பட்டதாரி என எல்லோரும் ஒரே வரிசையில் நின்றனர். இப்போது ஏற்கப்பட்ட துறைகளில் ஒன்றாகப் பாரம்பரிய இந்திய மருத்துவம் இருக்கிறது. அதில் தொழில் செய்ய அதற்கான மன்றத்தில் பதிவு வேண்டும். பதிவுக்கு அந்த மன்றம் ஏற்கும் தகுதி வேண்டும். சட்டம் இறுகியது நல்லதே. படித்தவருக்கு மதிப்பு கூடியிருக்கிறது. ஆனால், 'இந்தியாவில் அங்கீகாரம் பெற்ற கல்லூரி' என்ற ஒரு வரியை நம்பி ஐந்தரை ஆண்டுகளையும் குடும்பத்தின் சேமிப்பையும் ஒப்படைக்க இயலாத நிலையும் வந்திருக்கிறது. இந்திய மருத்துவ முறைக்கான தேசிய ஆணையத்தின் அங்கீகாரம் இந்தியாவுக்குள் செல்லும். கோலாலம்பூரில் எது செல்லும் என்பதைக் கோலாலம்பூர்தான் சொல்லும்.

பதிவு கிடைத்தாலும் இன்னொரு சிக்கல் காத்திருக்கிறது. மாணவர் இங்கு பற்பம், செந்தூரம், மெழுகு என உலோகமும் பாடாணமும் சேர்ந்த மருந்துகளைச் செய்யவும் கொடுக்கவும் கற்கிறார். ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றுக்குப் பாரம்பரிய மருந்துகளில் உச்சவரம்பு விதித்திருக்கும் நாடுகள் பல. மலேசியாவும் அவற்றுள் ஒன்று. அங்கு திரும்பும் மருத்துவரின் கையில் மிஞ்சுவது பெரும்பாலும் மூலிகைச் சூரணமும் குடிநீரும் தைலமுமே. பாடத்திட்டத்தை மாற்ற வேண்டும் என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டியதில்லை. எதைத் தன் நாட்டில் கொடுக்கலாம், எதைக் கொடுத்தால் வழக்கு வரும் என்று வெளிநாட்டு மாணவருக்குத் தனியாகச் சொல்லித்தர வேண்டும்.

உலக சுகாதார நிறுவனம் 2022-இல் ஜாம்நகரில் உலகப் பாரம்பரிய மருத்துவ மையத்தை அமைத்ததும், 2024 ஜனவரியில் நோய்களின் பன்னாட்டு வகைப்பாட்டில் ஆயுர்வேத, சித்த, யுனானி நோய்ப் பெயர்களுக்குக் குறியீடுகள் சேர்க்கப்பட்டதும் பெருமைக்குரியவை. சில கல்லூரிகளின் விளம்பரங்களில் இச்செய்திகள் உலக அங்கீகாரமாக உருமாறுகின்றன. குறியீடு புள்ளிவிவரத்துக்கு உதவும்; எந்த நாட்டிலும் எவருக்கும் தொழில் உரிமம் தராது.

இங்கிருந்து வெளியே செல்லும் நம் பிள்ளைகளுக்கும் இதே கணக்குதான். இயற்கை மருத்துவமும் யோகாவும் சேர்ந்த பி.என்.ஒய்.எஸ். படிப்பும் ஐந்தரை ஆண்டுதான். ஆனால், 2020-ஆம் ஆண்டின் தேசிய ஆணையச் சட்டத்துக்குள் அது வரவில்லை. உள்நாட்டிலேயே தேசிய அளவிலான ஒரே பதிவேடு இல்லாத பட்டத்தை வெளிநாட்டு மன்றத்திடம் விளக்குவது எளிதல்ல. மேற்கொண்டு படிக்கச் செல்லும் நாடுகளோ ஒன்றுபோல் இல்லை. ஜெர்மனியில் 1939-ஆம் ஆண்டின் சட்டப்படி, 25 வயது நிரம்பியவர் சுகாதார அலுவலகத்தின் தேர்வில் தேறினால் இயற்கை முறைச் சிகிச்சையாளர் ஆகலாம்; பள்ளி தரும் சான்றிதழ் உரிமமாகாது, தேர்வு ஜெர்மன் மொழியில். ஆஸ்திரேலியாவின் தேசியப் பதிவு அமைப்பில் சீன மருத்துவத்துக்கு இடம் உண்டு, இயற்கை மருத்துவத்துக்கு இல்லை. அமெரிக்காவில் சில மாநிலங்கள் உரிமம் தருகின்றன. ஓரிரு மாநிலங்களில் தடையே இருக்கிறது. மாணவர் விசா கிடைப்பதும் தொழில் உரிமம் கிடைப்பதும் வெவ்வேறு செய்திகள் என்பதை முகவர்கள் சொல்வதில்லை; அது அவர்களின் தொழிலுக்கு உதவாது.

மீண்டும் இங்கு வரும் மாணவரிடம் வருவோம். பட்ட மேற்படிப்பு எனில் ஆய்வேடு உண்டு; ஆய்வேடு எனில் மூலிகை சேகரிப்பு உண்டு. குரங்கணிச் சரிவும் போடிமெட்டுச் சாலையின் இருமருங்கும் அதற்கு ஏற்ற இடங்கள். ஆனால், இந்தியக் குடிமகன் அல்லாதவர் இந்நாட்டின் உயிரியல் வளத்தை ஆய்வுக்காகப் பெறுவதற்கு, 2002-ஆம் ஆண்டின் உயிரியல் பன்மைச் சட்டத்தின் 3-ஆம் பிரிவின்படி, தேசிய உயிரியல் பன்மை ஆணையத்தின் முன் அனுமதி வேண்டும். 2023-ஆம் ஆண்டுத் திருத்தம் சிறைத் தண்டனையை நீக்கிப் பண அபராதமாக்கியது; ஆயுஷ் மருத்துவர்களுக்குச் சில சலுகைகளையும் தந்தது. அச்சலுகைகள் வெளிநாட்டினருக்குப் பொருந்தாது. சந்தையில் சரக்காக விற்கும் ஏலக்காய்க்கு விலக்கு இருப்பது சரக்கு வாணிபத்துக்காக. அதே காயை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுசென்றால் கதை மாறும்.

இந்திய வம்சாவளி என்பதற்கான ஓ.சி.ஐ. அட்டை வைத்திருக்கும் மலேசியத் தமிழர்கள் இவ்விடத்தில் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். அந்த அட்டை இருந்தால் விசாவும் வேண்டாம், பதிவும் வேண்டாம் என்பது உண்மை. ஆனால், அட்டை குடியுரிமை ஆகாது. ஆய்வு மேற்கொள்ள அவர்களுக்கும் சிறப்பு அனுமதி தேவை என்று 2021-ஆம் ஆண்டு அறிவிக்கை சொல்கிறது. உயிரியல் பன்மைச் சட்டமும் அவர்களைக் குடிமக்களாகக் கருதுவதில்லை.

வனத்துறையின் அனுமதி இவற்றுக்கு மேல். 2018 மார்ச் மாதம் குரங்கணிக் காட்டுத் தீயில் மலையேறச் சென்றவர்கள் உயிரிழந்த பிறகு, அந்தச் சரிவில் அனுமதியின்றிக் கால் வைப்பதை யாரும் எளிதாக எடுத்துக்கொள்ள முடியாது. இன்னொன்று: போடிமெட்டைத் தாண்டினால் இடுக்கி மாவட்டம். ஏலத் தோட்டங்களில் பெரும்பகுதி அங்குதான் இருக்கிறது. காலையில் போடியிலிருந்து ஜீப்பில் தோட்ட வேலைக்குச் செல்லும் பெண்களுக்கு அந்த எல்லை ஒரு சோதனைச் சாவடி மட்டுமே. மாதிரி சேகரிக்கும் வெளிநாட்டு மாணவருக்கு அது வேறு மாநிலம், வேறு வனத்துறை. இரவு தங்கினால் விடுதியோ வீட்டுக்காரரோ 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். உறவினர் வீட்டில் தங்கினாலும் இதே விதிதான். போடியில் எத்தனை வீட்டுக்காரர்களுக்கு இது தெரியும்?

இவ்வளவையும் ஒரு பதினெட்டு வயது மாணவர் தாமாகக் கண்டறிய வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமல்ல. சித்த மருத்துவத்துக்கெனத் தனிப் பல்கலைக்கழகம் அமைக்க 2022-இல் சட்டப்பேரவையில் நிறைவேறிய மசோதா, அரசுக்கும் ஆளுநருக்கும் இடையிலான இழுபறியில் சிக்கியது. அதற்காகக் காத்திருக்கத் தேவையில்லாத பணி ஒன்று உண்டு. எந்த நாட்டின் மன்றம் எந்தக் கல்லூரியின் பட்டத்தை ஏற்கிறது, கூடுதல் தேர்வோ பயிற்சியோ கேட்கிறதா, எந்த மருந்துகளுக்கு அங்கு தடை என்ற பட்டியலை மாநில இந்திய மருத்துவம் மற்றும் ஓமியோபதித் துறை, அந்தந்த நாட்டு மன்றங்களிடம் எழுத்தில் கேட்டு ஆண்டுதோறும் வெளியிடலாம். வெளிநாட்டு மாணவரைச் சேர்க்கும் கல்லூரி ஒவ்வொன்றும் அப்பட்டியலைக் கையேட்டில் அச்சிட வேண்டும் என்று நிபந்தனை விதிக்கலாம். ஆய்வு அனுமதிக்கான வழிகாட்டுதல் இன்னும் எளிது. தேசிய சித்த மருத்துவ நிறுவனம் தாம்பரத்தில் இருக்கிறது, தேசிய உயிரியல் பன்மை ஆணையம் தரமணியில் இருக்கிறது. இரண்டுக்கும் இடையே ஒரு மணி நேரப் பயணம்தான்.