மலையில் எமக்கும் ஒரு பங்கு

புரட்டாதி மாதம் பிறந்ததும் சுவிற்சர்லாந்தின் மலைகளில் இரண்டு பயணங்கள் தொடங்கும். கோடை முழுவதும் உயர்ந்த மேய்ச்சல் வெளிகளில் நின்ற பசுக்கள், கழுத்தில் மணியும் கொம்பில் மலருமாகக் கீழே இறங்கும். அதே வேளையில், பட்டணத்து மாந்தர் தோளில் பையும் காலில் தடித்த சப்பாத்துமாக மேலே ஏறுவர். இறங்கும் பசுவுக்கும் ஏறும் மனிதருக்கும் இடையே ஒரு பழைய கணக்கு உண்டு. அக்கணக்கில் எம்மைப் போன்ற வந்தேறு குடிகளுக்கும் ஏதேனும் பங்குண்டோ என்பதே இவ்வாரம் நாம் எடுத்துக்கொண்ட விஷயம்.

நாம் இருவரும் பேர்ண் நகரிற் குடியேறிப் பல இலையுதிர்காலங்கள் கடந்துவிட்டன. முதல் இரண்டு ஆண்டுகளும் அப்பருவத்தை வீட்டுச் சாளரத்தின் வழியாகவே கண்டோம். காலையில் எழுந்தால் வெளியே சாம்பல் நிற மூடுபனி. மாலையிலும் அதே மூடுபனி. சூரியன் இந்நாட்டை விட்டே போய்விட்டானோ என எண்ணத் தோன்றும். ஊரின் நினைவு மனிதரை மிகவும் வாட்டுவது இந்நாட்களிலேதான். பின்னர் அயலவர் ஒருவர், "வெயில் வேண்டுமானால் அதைத் தேடி மேலே போகவேண்டும்" என்றார். அவர் சொன்னது வேடிக்கைப் பேச்சன்று; அது பௌதிக உண்மை என்பதைப் பின்னரே அறிந்தோம்.

மாணவர்கள் இதைக் கவனிக்கலாம். வடமேற்கே யூரா மலைத்தொடரும் தென்கிழக்கே ஆல்ப்ஸ் மலைத்தொடரும் நிற்க, நடுவே உள்ள மேட்டுநிலம் ஒரு பெரிய தாம்பாளம் போல அமைந்திருக்கிறது. காற்று அசையாத இலையுதிர்கால இரவுகளில், குளிர்ந்து கனத்த காற்று இத்தாம்பாளத்திற் சென்று தங்கிவிடும். அதன்மேல் வெப்பமான காற்று மூடிபோலப் படிந்துகொள்ளும். மேலே செல்லச் செல்லக் குளிர் கூடும் என்பது பொது விதி. இந்நாட்களில் அவ்விதி தலைகீழாகிவிடுகிறது. கீழே தங்கிய குளிர்காற்றில் மூடுபனி விளைகின்றது. அதன் மேல்மட்டம் பெரும்பாலும் 1,000 மீற்றருக்குக் கீழேயே நின்றுவிடும். பேர்ண் நகரமோ ஏறக்குறைய 540 மீற்றர் உயரத்திலேதான் இருக்கிறது.

ஆகவே ஒரு ஞாயிறு காலை, புளிச்சாதப் பொதியோடு தூண் நகருக்குப் புகையிரதம் ஏறினோம். அங்கிருந்து ஏரிக்கரை வழியாகப் பெயாத்தன்பெர்க் என்னும் மலையூருக்குச் சென்று, கம்பிவடத்தில் ஏறும் கூண்டில் அமர்ந்து, 1,963 மீற்றர் உயரமுள்ள நீடர்ஹோர்ண் சிகரத்தை அடைந்தோம். கூண்டு மூடுபனியைக் கிழித்து வெளியேறிய கணத்தில் பேச்சற்றுப் போனோம். கீழே ஏரியும் ஊர்களும் மறைந்து வெண்கடல் விரிந்து கிடந்தது. எதிரே ஐகர், மோன்ஹ், யுங்பிராவ் ஆகிய மூன்று சிகரங்களும் அக்கடலுக்கு அப்பால் வெயிலில் நின்றன. யுங்பிராவின் உயரம் 4,158 மீற்றர். மேலாடையைக் கழற்றிவிட்டுப் புல்லில் அமர்ந்து புளிச்சாதம் உண்டோம். அன்று தொடங்கிய பழக்கம் இன்றுவரை விடவில்லை.

மலையில் நடப்பவருக்கு முதல் துணை மஞ்சள் நிறக் கைகாட்டிப் பலகை. அதில் எழுதப்பட்டிருப்பது தூரமன்று, நேரம். அடுத்த ஊர் எத்தனை மைல் என்று அது கூறாது. எத்தனை மணி நேரம் நடக்கவேண்டும் என்றே கூறும். சமதரையில் மணிக்கு 4.2 கிலோமீற்றர் நடை என்று கொண்டு, ஏற்ற இறக்கத்துக்குத் தக்கபடி கணக்கிடுகின்றனர். இளைப்பாறும் நேரம் அக்கணக்கிற் சேராது. முழு மஞ்சட் பலகை எவரும் நடக்கத்தக்க வழியைக் குறிக்கும். வெள்ளை-சிவப்பு-வெள்ளை வரி மலைப்பாதையையும், வெள்ளை-நீலம்-வெள்ளை வரி பழக்கமுள்ளோர் மட்டும் செல்லத்தக்க கடும்பாதையையும் குறிக்கும். இவ்வாறு குறியிடப்பட்ட பாதைகளின் மொத்த நீளம் ஏறத்தாழ 65,000 கிலோமீற்றர்.

இப்பாதைகளுக்கு வித்திட்டவர்களுள் ஒருவர் பாடசாலை ஆசிரியர் என்பதை அறிந்து மகிழ்ந்தோம். யோகான் யாக்கோப் எஸ் என்பது அவர் பெயர். மாணவருடன் கிளவுசன் கணவாயைக் கடக்கையில், மோட்டார் வண்டிகளின் நெருக்கடியில் நடப்போர் படும் பாட்டை அவர் கண்டார். அதன் பயனாக, 1934 ஆம் ஆண்டிலே நடைபாதைகளுக்கென ஒரு சங்கம் நாடளாவ எழுந்தது. 1979 இல் மக்கள் வாக்கெடுப்பின் மூலம் நடைபாதைகள் அரசியலமைப்பிலேயே இடம்பெற்றன. வாக்களித்தோரில் நூற்றுக்கு 77 பேருக்கு மேல் அதற்கு இசைந்தனர். அந்நிய நாட்டவருக்கு அந்த வாக்கெடுப்பில் உரிமை இல்லை. ஆயினும் அதன் பயனாகிய பாதையில் நடக்க எவருக்கும் தடையில்லை.

மேய்ச்சல் நிலத்தின் கதையோ வேறு. தூண் ஏரியின் வடகரைக்கு மேலே, நீடர்ஹோர்ண் மலைமுகட்டுக்கு மறுபுறத்தில், யுஸ்திஸ்தால் என்றொரு பள்ளத்தாக்கு உண்டு. அங்கே ஆண்டுதோறும் புரட்டாதி முதல் நாட்களில் பாற்கட்டி பங்கிடும் விழா நடைபெறும். பல குடும்பங்களின் பசுக்கள் கோடையில் ஒன்றாக மேய்கின்றன. அவற்றின் பால் ஒரே செம்புக் கொப்பரையிற் பாற்கட்டியாகின்றது. யாருடைய பசு எவ்வளவு பால் கொடுத்தது என்பதை அளந்து குறித்து வைத்துக்கொள்வர். பருவ முடிவில், மரக் களஞ்சியங்களில் முதிர்ந்திருக்கும் பாற்கட்டி வட்டுகளை வெளியே எடுத்து, புல்வெளியிலே குவியல் குவியலாக அடுக்குவர். பின்னர் எந்தக் குவியல் யாருக்கு என்பதைத் திருவுளச்சீட்டுத் தீர்மானிக்கும். பங்கின் அளவைப் பால் கூறும். குவியலின் தரத்தை அதிர்ஷ்டம் கூறும். ஆகவே சண்டைக்கு இடமில்லை.

அங்கே ஒரு முதியவரிடம் பாற்கட்டித் துண்டொன்று விலைக்கு வாங்கினோம். கோடைப் புல்லின் வாசனை அதில் இருந்தது என்றால் மிகையன்று. "உங்களுக்கு எத்தனை மாடு?" என்று அவர் எம்மிடம் விளையாட்டாகக் கேட்டார். ஒன்றுமில்லை என்றோம். அவர் சிரித்துவிட்டு, கீழே பாதையிற் கிடந்த வேலிப் படலையைச் சுட்டி, "போகும்போது அதைச் சாத்திவிட்டுப் போங்கள்" என்று மட்டும் சொன்னார். அப்பொழுது அதைச் சாதாரணப் பேச்சாகவே எடுத்துக்கொண்டோம்.

வலே மாநிலத்திலுள்ள தேர்பெல் என்னும் மலைக்கிராமத்தைப் பற்றி அறிந்த பின்னரே அச்சொல்லின் கனம் எமக்குப் புலனாயிற்று. அவ்வூரார் 1483 ஆம் ஆண்டிலேயே தம் பொது மேய்ச்சல் நிலத்தையும் காட்டையும் ஆள்வதற்கென ஓர் உடன்படிக்கை எழுதிக்கொண்டனர். 1517 இல் வகுத்த விதி மிகவும் நுட்பமானது: மாரிகாலத்தில் எத்தனை பசுக்களுக்கு உன்னால் தீனி கொடுக்க முடியுமோ, கோடையில் அத்தனை பசுக்களையே மலைக்கு அனுப்பலாம். வசந்தத்தில் மாடுகளை வாங்கி, பொதுப் புல்லிற் கொழுக்க வைத்து, மாரிக்கு முன் விற்று இலாபம் காண எந்தச் செல்வனாலும் முடியாது. வீட்டு வைக்கோலே பொதுப் புல்லுக்கு அளவுகோலாயிற்று. றொபேட் நெற்றிங் என்னும் மானிடவியலாளர் இவ்வூரை ஆராய்ந்து எழுதினார். பொது நிலம் எப்போதும் பாழாகியே தீரும் என்னும் கொள்கையை மறுக்க, எலினோர் ஒஸ்ரம் அம்மையார் தேர்பெல்லை ஓர் உதாரணமாகக் காட்டினார். பொருளியலுக்கான நோபல் பரிசை 2009 இற் பெற்ற அவரே அப்பரிசைப் பெற்ற முதற் பெண்மணி.

அந்தப் பழைய ஏட்டில் இன்னுமொரு விதி இருந்தது. வெளியூரான் ஒருவன் தேர்பெல்லில் நிலம் வாங்கினாலும், பொது மேய்ச்சலிலும் காட்டிலும் அவனுக்கு உரிமை கிடையாது. இதைப் படித்தபொழுது எம் இருவருக்கும் மனம் ஒருகணம் சுருங்கியது. பங்கென்பது எங்கும் உள்ளூரானுக்கே என்னும் கசப்பு, அந்நிய நாட்டில் வாழ்வோர் எவருக்கும் புதிதன்று. ஆனால் ஆற அமர எண்ணியபொழுது மற்றொரு பக்கமும் தெரிந்தது. அளவுக்கு மேல் ஒரு பசு ஏறினாலும் புல் அழியும் என்னும் அச்சத்தில் வாழ்ந்த ஏழை மலைவாசிகள் எழுதிய விதி அது. அவர்கள் அஞ்சியது அந்நியனைக் காட்டிலும் அளவின்மையையே.

அந்நியனுக்கு உரிய பங்கைப் பின்வந்த சட்டம் வகுத்தது. 1907 இல் நிறைவேறி 1912 முதல் நடைமுறைக்கு வந்த சுவிஸ் குடியியற் சட்டக்கோவையில் 699 ஆம் பிரிவு ஒன்றுண்டு. காட்டிலும் மேய்ச்சல் நிலத்திலும் நடப்பதும், தாமே விளையும் சிறுபழங்களையும் காளான்களையும் எடுப்பதும், அவ்விடத்து வழக்கத்தின் அளவுக்கு எவருக்கும் உரியவை என்று அது கூறுகிறது. "எவருக்கும்" என்ற சொல்லில் நாமும் அடங்குவோம். "அளவுக்கு" என்ற சொல்லில் எமது கடமை அடங்கும். காளான் எடுப்பதற்குப் பல மாநிலங்கள் வரம்பு விதித்துள்ளன. ஒருவர் நாளொன்றுக்கு இரண்டு கிலோ வரை என்று சொல்லும் இடங்களும் உண்டு. எடுத்த காளானை ஊர்ப் பரிசோதகரிடம் காட்டி நஞ்சில்லை என்று அறிந்த பின்னரே சமைப்பது முறை. எமது கூடையில் இருந்ததிற் பாதியைப் பரிசோதகர் புறத்தே தள்ளிய நாளும் உண்டு. எஞ்சிய பாதியை வெங்காயத்தோடு வதக்கி உண்டபொழுது அதன் சுவை இரட்டிப்பாய் இருந்தது.

ஐப்பசியில் நாம் தெற்கே, இத்தாலிய மொழி வழங்கும் திச்சினோ மாநிலத்துக்குச் செல்வதுண்டு. அங்கே மரோனி எனப்படும் முள்ளுறைக் கொட்டைகள் மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும். தானியம் குறைந்த அம்மலைப் பள்ளத்தாக்குகளில் முன்னாளில் ஏழைகளின் பசியைத் தீர்த்தமையால், அதனை ரொட்டி மரம் என்றே அழைத்தனர். கல்லாற் கட்டிய சிறு புகைக்குடில்களில், மெல்லிய நெருப்பின்மேல் வாரக்கணக்கில் உலர்த்தி மாவாக்கி வைத்துக்கொள்வர். இங்கும் பங்கின் கதை உண்டு. ஊர்ப் பொது நிலத்திலே ஒரு குடும்பத்தார் தமக்கென மரம் நடலாம். நிலம் ஊருக்கு, மரம் அவர்களுக்கு. இன்று அக்கொட்டைகளைச் சுட்டு உண்பதே பெருவழக்கு. இனிப்பாக மசித்து, எமது இடியப்ப உரலைப் போன்ற கருவியிற் பிழிந்து, பாலாடையோடு பரிமாறுவதும் உண்டு. முதன்முறை அதைக் கண்டபொழுது, இடியப்பம் இவ்வளவு இனிக்குமா என்று நாம் வியந்தோம்.

இவையெல்லாம் என்றும் இப்படியே இருக்கும் என்று கூறுவதற்கில்லை. ஏறக்குறைய 100 நாட்கள் மலையில் தங்கி, விடியுமுன் எழுந்து பால் கறந்து, கொப்பரையைக் கிண்டும் வாழ்வு எளிதன்று. பசு ஏறாத மேய்ச்சல் வெளியிற் சில ஆண்டுகளில் புதர் மண்டும். பின் காடு மூடும். சுவிஸ் ஆல்ப்ஸில் காட்டின் பரப்பு இவ்விதமாகவே கூடிவருகிறது. நாம் அழகென்று படம் பிடிக்கும் பசும்புல் வெளி தானே உண்டானதன்று. தலைமுறை தலைமுறையாகப் பசுவும் மனிதனும் சேர்ந்து காத்த தோட்டம் அது. கோடைகால மலை மேய்ச்சல் வாழ்வை யுனெஸ்கோ 2023 மார்கழியில் மனித குலத்தின் பண்பாட்டு மரபுகளுள் ஒன்றாகப் பதிந்தது. பட்டியலிற் பதிந்தமையால் மட்டும் மரபு வாழாது. அதைச் செய்வதற்கு ஆள் வேண்டும். செய்பவரின் உழைப்பைக் கெடுக்காத விருந்தினரும் வேண்டும்.

ஆதலால், வெளிநாடு சென்று கற்கவோ வாழவோ போகும் எம் இளையோருக்கு ஒரு சொல். சென்ற நாட்டின் மலையையும் காட்டையும் ஊணையும் அறிந்துகொள்ளுங்கள். அறைக்குள் அடைந்து கிடந்து ஊரை எண்ணி வாடுவதிற் பயனில்லை. ஆனால் போகுமிடத்தில் பிறர் வகுத்த அளவை முதலில் கேட்டறியுங்கள். குறியிட்ட பாதையை விட்டு விலகாதீர்கள்; கன்றோடு நிற்கும் பசுவை நெருங்காதீர்கள்; கொண்டுபோன பொதியின் இலையையும் தாளையும் திருப்பிக் கொண்டுவாருங்கள். பசு இல்லாதவனுக்கும் மலையில் ஒரு பங்குண்டு. அப்பங்கை நிலைநிறுத்துவது வாக்குரிமையுமன்று, பணமுமன்று. தாண்டிவந்த படலையைத் திரும்பிச் சாத்திவிட்டு நடக்கும் அந்தச் சிறு செயலே.