தடாகத்துப் புகையில் எங்கள் பங்கு

கோயம்புத்தூரில் வீடு கட்டிய எங்களில் பலருக்குத் தடாகத்துச் செங்கல் என்றால் தனி மதிப்பு. சேம்பர் சூளையில் நன்றாக வெந்த சிவந்த கல். தட்டினால் கணீரென்று கேட்கும். மேஸ்திரி அதைத்தான் சொல்வார், நாங்களும் அதைத்தான் இறக்கினோம். விலை கேட்டோம், லோடு எப்போது வரும் என்று கேட்டோம். அந்தக் கல் வெந்த இடத்தில் குடியிருப்பவர்கள் எதைச் சுவாசிக்கிறார்கள் என்று மட்டும் கேட்கவில்லை.

அந்தக் கல் வெந்த சின்னத்தடாகம், நகரத்திலிருந்து ஆனைகட்டி சாலையில் சுமார் 15 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. மூன்று பக்கமும் மலை. கிழக்கே கணுவாய்ப் பக்கம்தான் பள்ளத்தாக்கின் திறப்பு. மலையிலிருந்து காலங்காலமாக அடித்துவரப்பட்டுச் சேர்ந்த செம்மண்தான் சூளைகளை அங்கே கொண்டுவந்தது. அதே மலைகள்தான் புகையை வெளியேற விடாமல் மறித்தன.

ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று கோவை வட்டாரத்தையே உலுக்கிவிடும். அப்போது புகை ஓரிடத்தில் நின்றதில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் சுடாத பச்சைக்கல் காயாமல் சூளை வேலை தளர்ந்தது. மழையும் காற்றைக் கழுவும். தை, மாசிதான் சிக்கல். மழை ஓய்ந்து வெயில் அடிக்கும் அந்த மாதங்கள் கல் அறுக்கவும் சுடவும் தோதானவை. காற்று அசையாமல் கிடப்பதும் அப்போதுதான். இரவில் மலைச்சரிவு சீக்கிரம் குளிர்கிறது. குளிர்ந்த காற்று கனத்துச் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்குகிறது. அதற்கு மேலே வெதுவெதுப்பான காற்று மூடிபோல் அமர்ந்துகொள்கிறது. புகைபோக்கியிலிருந்து எழுந்த புகை அதற்கு மேல் போக முடியாமல் பக்கவாட்டில் பரவித் தோட்டங்களிலும் வீடுகளிலும் இறங்கியது. வெயில் ஏறித் தரை சூடான பிறகுதான் கலைந்தது. அதற்குள் பால் ஊற்றப் போனவர்களும், பஸ்ஸுக்கு நின்ற பிள்ளைகளும், பிழைக்க வந்து சூளையடியிலேயே குடிசை போட்டுத் தங்கிய குடும்பங்களும் அதைச் சுவாசித்து முடித்திருந்தார்கள்.

இது எங்களுக்குத் தெரியாத விஞ்ஞானம் அல்ல. எந்த மாதம் எந்தத் திசையிலிருந்து காற்று வரும் என்று பார்த்து நெல் தூற்றிய ஊர் இது. விடிகாலையில் ஆனைகட்டிக்கு வண்டி ஓட்டிப் போனபோது சாலையை மறைத்த வெண்படலத்தைப் பனி என்று எண்ணிக் கடந்தோம். கண் எரிந்தபோதுகூட அது பனியாக இருக்க முடியாது என்று யோசிக்கவில்லை. குடிக்கிற சிறுவாணித் தண்ணீர் கொஞ்சம் கலங்கலாக வந்தாலே தெருவெல்லாம் பேசுகிற எங்களுக்கு, காற்று கலங்கியது பேச்சாகவே இல்லை. சூளைகளில் எரிக்க அடுக்கியிருந்த பனங்கட்டைகளைத் தேடி யானைகள் வந்தபோது அது செய்தியானது. அந்தக் கட்டைகள் எரிந்து எழுந்த புகை செய்தியாகவில்லை. யானைக்காக நாங்கள் கவலைப்பட்டது சரிதான். அதே இடத்தில் இருமிக்கொண்டிருந்த மனிதர்களையும் நாங்கள் பார்த்திருக்க வேண்டும்.

உள்ளூர்க்காரர்கள் சிலர்தான் விடாமல் மனு கொடுத்து, நீதிமன்றப் படி ஏறினார்கள். 2021இல் உரிமமின்றி இயங்கிய 180க்கும் மேற்பட்ட சூளைகள் மூடப்பட்டன. அத்தனை சூளைகள் உரிமம் இல்லாமல் ஒரே பள்ளத்தாக்கில் எரிய முடிந்ததென்றால் அதற்கு அதிகாரிகளை மட்டும் குறை சொல்லித் தப்பிக்க எங்களுக்கு உரிமையில்லை. வாங்க நாங்கள் இருந்ததால்தான் எரிந்தன. மூடியபோது கல் விலை ஏறுமே என்பதுதான் நகரத்தில் பெரிய கவலையாக இருந்தது. வேலை போன கூலிக்காரர்கள் எங்கே போனார்கள் என்பதும்கூட எங்களை உறுத்தவில்லை.

மிக நுண்ணிய துகள்கள் நுரையீரலின் ஆழம்வரை போய் ரத்தத்திலும் கலக்கக்கூடியவை. பிஎம் 2.5 எனப்படும் அவற்றின் ஆண்டுச் சராசரி ஒரு கன மீட்டரில் 40 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்பது 2009இல் இந்தியா வகுத்த வரம்பு. உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்னது 5. ஆனால் ஆண்டுச் சராசரி என்பது ஆடிக்காற்றையும் தை மாதத்து விடிகாலையையும் ஒன்றாகக் கலந்து கணக்கிடுவது. மலைக்குள் இருக்கும் ஊருக்கு அந்த ஒரு எண் போதாது. சூளை எரிந்த மாதங்களில், இரவும் விடிகாலையும், பள்ளத்தின் அடியிலேயே கருவி வைத்து அளந்திருக்க வேண்டும். கிராமசபையில் இதைக் கேட்டிருக்கலாம். அங்கே வீடு வாங்கிப் போன நகரத்துக்காரர்களாவது கேட்டிருக்கலாம்.

சூளைகளை மறுபடி திறக்க அனுமதிக்க வேண்டும் என்ற பேச்சு எழும்போது நாங்கள் முதலில் வைக்க வேண்டிய கோரிக்கையும் இதுதான்: மண்ணுக்கான உரிமத்தோடு, அந்தப் பள்ளத்தாக்கின் குளிர்கால விடிகாலைக் காற்று எவ்வளவு புகையைத் தாங்கும் என்ற கணக்கும் வேண்டும். தடாகத்தில் ஓய்ந்த செம்மண் வெட்டு இப்போது பேரூர்ப் பக்கம் நடப்பதாக வழக்கு வந்துவிட்டது. நகரத்தில் கட்டுமானம் நிற்கவில்லை, கல்லும் வந்துகொண்டேதான் இருக்கிறது. எந்த ஊர்ச் சூளையில் வெந்து வருகிறது என்று லோடு இறக்குபவரிடம் நாங்கள் இன்னும் கேட்கத் தொடங்கவில்லை.